இல்லை என்று எழுதாத டாக்டரம்மா

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதிலும் நடவு நேரத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் போனதில்லை. முன்னே நடந்தது பின்னேயும், பின்னே நடந்தது முன்னேயும் வந்துவிடும். ஞாபகமும் முன்போல இல்லை. அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிடுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எழுத வந்தது ஒரு டாக்டரம்மாவைப் பற்றி. அவர் பேரை எழுதவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் பேரைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று நினைக்கிறேன்.

திருத்தணியில் மலைக்குப் போகிற ரோட்டில், மொட்டை போட்டு வருகிறவர்களுக்குச் சந்தனமும் தொப்பியும் விற்கிற கடைகளுக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த ஸ்கேன் சென்டர். நான் அங்கே ஆயா. கனகம்மாசத்திரத்திலிருந்து காலை பஸ்ஸில் போய்ச் சாயந்திரம் திரும்புவேன். பெருக்குவேன், துடைப்பேன், ஸ்கேன் முடிந்தவர்கள் வயிற்றிலிருந்து ஜெல்லைத் துணியால் வழித்து எடுப்பேன். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை தண்ணீர் கொடுப்பது. அடிவயிற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பைதான் ஜன்னல் என்பார் டாக்டரம்மா. அது வழியாகப் பார்த்தால்தான் அதற்குப் பின்னால் இருப்பது தெரியுமாம். அதனால் சொம்பு சொம்பாகக் கொடுத்துவிட்டு, முட்டிக்கொண்டு வருகிறதா என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். எனக்கு அதைக் கேட்க வெட்கமாக இருக்கும். ஆம்பளைகளிடம் கேட்கவே மாட்டேன். சொம்பை நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர்களே எழுந்து கால் மாற்றி நிற்க ஆரம்பித்தால் உள்ளே போய், “ரெடிங்க” என்பேன்.

டாக்டரம்மா ஒல்லியாக இருப்பார். பொட்டு வைக்க மாட்டார். ஏசி குளிருக்காக ஆம்பளைகள் போடுகிற பழுப்புச் சால்வை ஒன்றை மே மாதத்திலும் தோளில் போட்டிருப்பார். விளக்கை அணைத்த அறையில் காலையிலிருந்து அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். சாயந்திரம் வெளியே வந்தால் வெளிச்சம் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். “கண்ணு அசந்துபோச்சு ஆயாம்மா” என்பார். பஞ்சைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துக் கொடுப்பேன். கண்ணில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேச மாட்டோம்.

ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் இருக்கும். ஆனால் டைப் அடிக்கிற பெண்ணோடு டாக்டரம்மா தமிழில்தான் மல்லுக்கு நிற்பார். தினமும் ஒரே சண்டை.

“மேடம், பித்தப்பை இல்லன்னு போட்டுடவா?”

“நீ உள்ள போய்ப் பார்த்தியா?”

“நீங்கதானே மேடம் பார்த்தீங்க?”

“நான் பார்த்தப்போ எனக்குத் தெரியல. அதைத்தான் எழுதணும். எனக்குத் தெரியலன்னு அடி.”

“அப்படி அடிச்சா ஜனங்க என்னத் திட்டறாங்க மேடம். காசு வாங்கிகினு தெரியலன்னு எழுதிக் குடுக்கறீங்களேன்னு கேக்கறாங்க.”

“கேக்கட்டும். நீ அடி.”

இதுதான் அவர். உடம்புக்குள் இருக்கிற எதையும் இல்லை என்று எழுத மாட்டார். ஒரு நாள் பீரோ சாவியைக் காணோம். நான் எல்லா இடமும் பார்த்துவிட்டு, “சாவி இல்லம்மா” என்றேன். “எங்கெங்க பார்த்தீங்க, சொல்லுங்க” என்றார். மேசை, அலமாரி, கட்டிலுக்கு அடியில் என்று வரிசையாகச் சொன்னேன். “அப்போ அங்கெல்லாம் இல்ல. அவ்வளவுதானே?” என்றார். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஒரு வாரம் டைப் அடிக்கிற பெண் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் இடுப்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள்.

பித்தப்பை என்றதும் பொதட்டூர்பேட்டை நெசவுக்காரப் பெரியவர் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். வலது பக்கம் வயிற்று வலி. வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்து, அவருக்குப் பித்தப்பை இல்லை, ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். “என் வயித்துல ஒர்த்தன் கத்தி வெக்கல. தறி ஓட்டற ஒடம்பிது, பாரு, ஒரு கீறல் கீதா?” என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். டாக்டரம்மா பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. பெரியவரின் மொட்டைத் தலையையும் அதில் காய்ந்த சந்தனத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“நைனா, வெறும் வயித்தோடதானே வந்தீங்க?”

“ஆங். பச்சத் தண்ணி படல.”

“மலைக்குப் போய்ட்டா வந்தீங்க?”

“ஆங். மொட்ட போட்டுகினு, பொங்கல் வாங்கித் துன்னுட்டு நேரா இங்கதான்.”

“பொங்கல் சாப்பிட்டீங்களா?”

“அது பிரசாதம்மா. சாமியிது. அது எப்பிடிச் சாப்பாட்டுல சேரும்?”

எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். டாக்டரம்மா சிரித்தார். நெய்யும் எண்ணெயும் உள்ளே போனால் பித்தப்பை தன்னிடம் இருப்பதையெல்லாம் பிழிந்து கொடுத்துவிட்டுச் சுருங்கிப் படுத்துவிடுமாம். மறுநாள் பெரியவர் ஒன்றும் தின்னாமல் வந்தார். நாவல்பழம்போலக் கறுப்பாகத் திரையில் தெரிந்தது, உள்ளே இரண்டு கல்லோடு. “முந்தின ஸ்கேனுக்கும் நான் பிரசாதம்தான் துன்னுட்டுப் போனேன்” என்று அப்போதுதான் சொன்னார். போகும்போது வாசலில் நின்று திரும்பி, “நீங்க ஏசு சாமி கும்புட்ற வேதக்காரங்களாமே. எங்க முருகன இல்லன்னுவீங்களா?” என்று கேட்டார்.

“பன்னெண்டு வருஷமா மலைக்குக் கீழயே இருக்கேன் நைனா. முட்டி வலி, படி ஏறினதில்ல. ஏறிப் பார்க்காம எப்படிச் சொல்றது?”

பெரியவருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப் போனது. பொதட்டூர்பேட்டையிலிருந்து யார் வந்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எல்லாம் சிரிக்கிற கதையாக முடிந்துவிடவில்லை. கருத்தரித்துச் சில வாரமே ஆன இரண்டு பெண்கள் ஒரே நாளில் வந்தார்கள். வெளியில் பார்த்ததில் துடிப்பு இல்லை, கலைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மாவுக்கும் துடிப்பு தெரியவில்லை. “இன்னும் நாள் பத்தாம இருக்கலாம். பத்து நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணாதீங்க” என்றார். பத்து நாள் கழித்து ஒருத்திக்குத் துடித்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்னொருத்திக்குத் துடிக்கவில்லை. அவள் அழவில்லை. சேலையைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்தாள்.

“அன்னிக்கே இல்லன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேன். பத்து நாளு எதுக்கு எனக்கு ஆச காட்டனீங்க?” என்றாள்.

அன்று டாக்டரம்மாவுக்கு டீ கொண்டுபோய் வைத்தேன், ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. அதற்குப் பிறகும் அவர் பத்து நாள் கழித்து வாருங்கள் என்று சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் சொல்லும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். கையைத் துடைத்துக்கொண்டே சொல்வார்.

இனி என் வீட்டு விஷயம். இதை எழுதலாமா என்று மருமகளிடம் கேட்டேன். “நடந்ததுதானே அத்த, எழுதுங்க” என்றாள்.

அவளுக்கு நகரிப் பக்கம். என் மகன் லாரி ஓட்டுகிறான். அவளுக்கு வலி எடுத்தபோது அவன் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். நான்தான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். குழந்தை திரும்பியிருக்கிறது, கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். நர்ஸம்மா காகிதங்களைக் கொண்டுவந்து, இங்கே, இங்கே, இங்கே என்று மூன்று இடம் காட்டினார். நான் எழுத்துக் கூட்டி என் பேரை மூன்று தரம் எழுதி முடிப்பதற்குள் அவர் இரண்டு தரம் “சீக்கிரம்மா” என்றார். என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. படித்தாலும் அந்த அவசரத்தில் ஒரு வரி தாண்டியிருக்க மாட்டேன். ஆண் குழந்தை பிறந்தது.

எட்டு மாதம் கழித்து அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. எங்கள் சென்டருக்கே கூட்டி வந்தேன். டாக்டரம்மா கண்ணைக் காட்டிக்கொள்ள ஊருக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகச் சென்னையிலிருந்து சின்னப் பையன் போல ஒரு டாக்டர் வந்துகொண்டிருந்தார். நல்லவர்தான். கை வேகம் அதிகம். வாசலில் கூட்டம் நெரித்ததால் தண்ணீர் கொடுக்க எல்லாம் நேரமில்லை என்றார். இடது விலாவுக்குக் கீழே வைத்துத் தேடிவிட்டு, “ஆபரேஷன் ஆகியிருக்கா?” என்று கேட்டார்.

“ஆங், ஆச்சுங்க” என்றாள் மருமகள். அவள் சொன்னது பிரசவ ஆபரேஷனை.

ரிப்போர்ட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை, என் மகனும் வீட்டில் இருந்தபோது, தங்கையைப் பார்க்க அவள் அண்ணன் வந்தான். கம்பெனி வேலையில் இருக்கிறவன், இங்கிலீஷ் படிப்பான். ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தான். இன்னொரு தரம் பார்த்தான். இடது கிட்னி இல்லை, ஆபரேஷனில் எடுக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது என்றான்.

எப்போதும் என்னை வாங்க, போங்க என்று பேசுகிறவன், எழுந்து என் எதிரே வந்து நின்று, “அத்த, அன்னிக்கு எதுல கையெழுத்துப் போட்ட நீ?” என்றான்.

“கொயந்தய எடுக்கறதுக்குத்தாம்பா.”

“கிட்னி எடுக்கறதுக்குப் போடலன்னு சொல்லு.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்குமோ என்னவோ. என் வாயில் அது வரவில்லை. டாக்டரம்மாவோடு அத்தனை வருஷம் இருந்து எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். “நான் படிக்கலப்பா. இன்னா எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியல” என்றேன்.

“பாத்தியா பாவா? இல்லன்னு சொல்ல வாய் வர்ல பாரு உங்கம்மாவுக்கு!” என்று என் மகன் பக்கம் திரும்பினான். அவர்கள் பக்கம் தங்கை புருஷனைப் பாவா என்பார்கள்.

“யம்மா, இல்லன்னு சொல்லேம்மா!” என்று என் மகன் கத்தினான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சுபாவம் அப்படி. அதுவே குற்றவாளி நிற்பது போல இருந்திருக்கும்.

மருமகளையும் குழந்தையையும் அண்ணன் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது ஒன்று சொன்னான். வருகிற கிருத்திகைக்கு நான் மலைக்கு வந்து, முருகன் எதிரில் கற்பூரத்தை அணைத்து, அவள் கிட்னிக்கு நான் கையெழுத்துப் போடவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் போலீஸுக்குப் போவார்கள். பெண்ணும் பிள்ளையும் திரும்பி வர மாட்டார்கள்.

கிருத்திகைக்கு எட்டு நாள் இருந்தது. என் மகன் என்னோடு பேசவில்லை. கோபமா, பயமா, அவனுக்கே தெரிந்திருக்காது. தொட்டில் சேலையை அவிழ்க்கவும் மனம் வராமல், பார்க்கவும் மனம் வராமல், ஒரு ஓரமாகச் சுருட்டி ஆணியில் மாட்டினேன்.

வேலைக்குப் போனேன். டைப் அடிக்கிற பெண், “அணச்சிட்டு வா ஆயாம்மா. நீ பண்ணாதப்போ சாமி இன்னா பண்ணும்?” என்றாள். அவளுக்கு அது சுலபம். நான் கிட்னியை எடுக்கச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கையெழுத்துக்கு மேலே என்ன இருந்தது என்று தெரியாது. யாராவது ஏமாற்றி எழுதி வைத்திருந்தால்? தெரியாத ஒன்றை இல்லை என்று கற்பூரம் அணைத்தால், அது பொய்ச் சத்தியம் ஆகிவிட்டால், அந்தப் பாவம் என் மேல் விழாது. தொட்டிலில் கிடந்தவன் மேல்தான் விழும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திரும்பத் திரும்ப இதையே நினைத்துக்கொண்டு போவேன், வருவேன்.

கிருத்திகைக்கு மூன்று நாள் இருக்கும்போது டாக்டரம்மா திரும்பி வந்தார். அவரிடமும் சொல்ல வெட்கம். ஆனால் ஒரு அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது சொம்பு நிறைந்து, அவர் மடியெல்லாம் நனைந்த பிறகும் நான் ஊற்றிக்கொண்டிருந்தேனாம். டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். சொன்னேன். ரிப்போர்ட்டின் நகலை எடுக்கச் சொல்லிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அந்தச் சின்ன டாக்டரைத் திட்டவில்லை.

“தண்ணி குடுத்துப் பார்த்தாரா?”

“இல்லீங்க.”

“கீழ பார்த்தாரா?”

“மேலதான் பாத்தாருங்க.”

“கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அண்ணன் கட்டாயம் வரணும். உள்ள வந்து அவரும் பார்க்கணும்.”

என் மகன் நகரிக்குப் போய் மச்சான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். “வர்றேன் பாவா. உங்க டாக்டரம்மா வாயாலயே கேட்டுக்கலாம்” என்று அவன் வந்தான்.

கிருத்திகைக்கு முதல் நாள். ரோடெல்லாம் காவடி, பம்பைச் சத்தம் மாடி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. மருமகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். படுக்கவைத்து ஜெல் தடவினார் டாக்டரம்மா. வலது பக்கம் கிட்னி நன்றாகத் தெரிகிறது என்றார். இடது பக்கம் விலாவுக்குக் கீழே வைத்தார். அழுத்தினார். ஒருக்களிக்கச் சொன்னார். மூச்சைப் பிடி, விடு என்றார். முதுகுப் பக்கமிருந்தும் பார்த்தார். எனக்குத் திரையில் எப்போதும் ஒன்றும் புரியாது. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லதானே?” என்றான் அண்ணன்.

“இந்த இடத்துல நான் பார்க்கல.”

“அதான் இல்லன்றேன்.”

“இந்த இடத்துல பார்க்கல” என்றார் மறுபடியும்.

இந்த ஒரு தரம் மட்டும், எனக்காக, ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மை, அதனால் எழுதுகிறேன்.

“ஆயாம்மா, தண்ணி” என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்து மருமகளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவள் வாங்கிக் குடித்தாள். முதல் சொம்பு, இரண்டாவது சொம்பு. மூன்றாவதில், “போதும் அத்த” என்றாள். அந்த ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. “இன்னும் கொஞ்சம் குடிம்மா” என்றேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் படிக்கட்டைப் பார்ப்பதுமாக இருந்தான்.

மறுபடியும் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா திரையை அண்ணன் பக்கம் திருப்பினார். மூத்திரப்பை கறுப்பாக, ஆடாத குளம் மாதிரி இருந்தது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். கலர் வந்தது.

“கிட்னியிலேர்ந்து தண்ணி இந்தப் பைக்குள்ள சொட்டாது, விட்டு விட்டுப் பீச்சும். பீச்சும்போது சிவப்பாத் தெரியும். வலது கிட்னியிது ஒரு பக்கம் வரும், இடது கிட்னியிது இன்னொரு பக்கம் வரும். கிட்னி இல்லாத பக்கம் வரவே வராது. நீங்களே பாருங்க. நான் பேசல.”

பார்த்துக்கொண்டிருந்தோம். குளத்தின் ஒரு ஓரத்திலிருந்து சிவப்பாகத் தீக்குச்சி கிழித்த மாதிரி ஒன்று எழும்பி அணைந்தது.

“வலது” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே பக்கம். மறுபடியும் அதே பக்கம். “மூணு” என்றான் அண்ணன். குரலில் ஒரு எகத்தாளம் இருந்தது. கீழே பம்பைக்காரர்கள் போய் அடுத்த கூட்டம் வந்தது. டாக்டரம்மா கை அசையவில்லை. கை கடுக்காமல் எப்படி அப்படிப் பிடித்திருந்தார் என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. நாலாவது தரமும் வலதுதான். மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, “முட்டுதுங்க” என்றாள். “கொஞ்சம் பொறுத்துக்கம்மா” என்றார்.

அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது. சின்னதுதான்.

“தோ!” என்றான் அண்ணன். யாரும் கேட்காமல் அவன் வாயிலிருந்துதான் வந்தது. “வந்துச்சு, அந்தாண்ட வந்துச்சு!”

“ஒரு வாட்டி வந்தா நம்பாதீங்க. இன்னொண்ணு வரட்டும்.”

இன்னொன்றும் வந்தது.

“தண்ணி வருதுன்னா எங்கயோ கிணறு இருக்கு” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கீழே தேட ஆரம்பித்தார். நிறைந்த பை வழியாக, தொப்புளுக்குக் கீழே, இடுப்பு எலும்புக்குள்ளே. அங்கே இருந்தது. கருப்பைக்கு மேலே, ஒரு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. மொச்சைக் கொட்டை மாதிரி என்று அண்ணனிடம் விரலால் சுற்றிக் காட்டினார்.

“அம்மா வயித்துல குழந்தை வளரும்போது கிட்னி கீழ உண்டாகி மேல ஏறும். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஏறிடுச்சு. இன்னொண்ணு பாதிப் படியில உட்கார்ந்துடுச்சு. இது நோய் இல்ல. சிலருக்கு இப்படிப் பிறவி. யாரும் எதையும் எடுக்கல. வலி வர்றது மூத்திரத்துல கிருமி சேர்ந்ததால இருக்கலாம், டெஸ்ட் எழுதித் தர்றேன்.”

நான் துணியை எடுத்து அவள் வயிற்றைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் சுவர் ஓரம் இருந்த காலிச் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

“அத்த, பாவம், தங்கச்சி தாங்காது. பாத்ரூம் எங்க கீதுன்னு காட்டுங்க” என்றான்.

காட்டு என்று சொல்லவில்லை, காட்டுங்க என்றான். மன்னிப்பு என்று அவன் கேட்டது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் கிருத்திகைக்கு மலைக்குப் போக வேண்டுமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிருத்திகை அன்று நான் அடுப்பு மூட்டாமல் பகல் முழுக்கத் தூங்கினேன்.

வேலைக்குப் போனதும் டாக்டரம்மாவிடம் கேட்டேன், கிட்னி கீழேயும் தெரியாமல் போயிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று. “பார்க்கலன்னு எழுதியிருப்பேன்” என்றார். என் முகம் எப்படிப் போனதோ, கண்ணிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, “நீங்க அன்னிக்குத் தெரியலன்னு சொன்னது தப்பில்ல ஆயாம்மா. படிக்காம கையெழுத்துப் போட்டதுதான் தப்பு” என்றார். அதற்குப் பிறகு யார் காகிதத்தை நீட்டினாலும் யாரையாவது கூப்பிட்டு முழுக்கப் படித்துக் காட்டச் சொல்கிறேன். ரேஷன் கடையில் இதற்காக என்னைத் திட்டுவார்கள்.

அவர் அதிக நாள் அங்கே இல்லை. எதிர்ப் பக்கம் இன்னொரு சென்டர் வந்தது. அங்கே எல்லாம் உறுதியாக எழுதிக் கொடுக்கிறார்கள் என்று ஜனங்கள் போனார்கள். எங்கள் ஓனர் வந்து, “மேடம், இருக்கு இல்லன்னு ஒண்ணச் சொல்லுங்க, ஜனங்களுக்கு அதாங்க வேணும்” என்று நின்றபடியே சொன்னதை நான் கேட்டேன். டாக்டரம்மாவுக்கும் கண் வர வர மோசமாகிக்கொண்டிருந்தது. எது முந்தி நடந்தது, அவர் நின்றாரா, நிறுத்தினார்களா, எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு சனிக்கிழமை சால்வையையும் நாற்காலியில் போடுகிற மெத்தையையும் பையில் வைத்துக்கொண்டார். “தண்ணி குடுக்கும்போது யாரையும் அவசரப்படுத்தாதீங்க” என்றார். கூட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்.

இப்போது எனக்கும் உடம்பு முடியவில்லை. வேலையை விட்டு நாளாகிறது. போன மாதம் பஸ்ஸில் அந்த டைப் அடிக்கிற பெண்ணைப் பார்த்தேன். அவளுக்கே நரை வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். பிறகு, “உனுக்கு விஷயம் தெரியுமா ஆயாம்மா? நம்ம மேடம் போய்ச் சேந்துட்டாங்களாம்” என்றாள்.

“நீ போய்ப் பாத்தியா?”

“நான் எங்க பாத்தேன்? யாரோ சொன்னாங்க.”

“யாரு?”

அவளுக்கு ஞாபகம் இல்லை. நான் இறங்குகிற இடம் வந்துவிட்டது.

இதில் தப்பு இருந்தால் யாராவது சரி பார்க்க வேண்டும். இடது கிட்னி என்று எழுதியிருக்கிறேன். திரையில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும் என்பதால் எனக்கு இன்னும் குழப்பம்தான். படம் மருமகளின் பெட்டியில் இருக்கிறது, தெரிந்தவர்கள் வந்து பார்க்கலாம். நாள் கணக்கும் முன்பின்னாக இருக்கும். டாக்டரம்மா விஷயத்தையும் யாராவது விசாரிக்க வேண்டும். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம் என்று சொல்லியிருக்கிறார். ஒல்லியாக இருப்பார், பழுப்புச் சால்வை போட்டிருப்பார், வெளிச்சத்துக்கு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பார்த்தவர்கள் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கேள்விப்பட்டவர்கள் எழுத வேண்டாம்.